பத்து வார வகுப்பா, வீடு தேடி வரும் பயிற்றுநரா? அமெரிக்க லத்தீனோ குடும்பங்களுக்கான பெற்றோர் கல்வித் திட்டங்கள்: ஓர் ஒப்பீடு

கலிஃபோர்னியாவிலோ டெக்சாஸிலோ உள்ள ஒரு பள்ளி மாவட்டம், பொது நூலகம் அல்லது சிறு தொண்டு நிறுவனம், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வளர்க்கும் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களுக்கெனப் பெற்றோர் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்க நினைத்தால், தேர்ந்தெடுப்பதற்குத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பத்து வார வகுப்பு உண்டு. ஒன்பது மாத வகுப்பு உண்டு. வாரந்தோறும் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் திட்டம் உண்டு. தாய் கருவுற்றிருக்கும்போதே செவிலியரை அனுப்பும் திட்டமும், அடங்காத குழந்தையைக் கையாளப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் சிகிச்சைப் பயிற்சியும் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கு ஆதரவாக ஏதேனும் ஓர் ஆய்வைக் காட்டுகிறது. ஆனால் இவை ஒரே தேவைக்காக உருவானவை அல்ல என்பதால், எது சிறந்தது என்ற கேள்வியில் தொடங்கினால் பதில் கிடைக்காது. எந்தக் குடும்பங்களுக்காகத் தொடங்குகிறோம், அந்தத் திட்டத்தை அதன் எல்லா உறுப்புகளோடும் நடத்த நம்மிடம் ஆளும் பணமும் உண்டா என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். பாதியாகக் குறைக்கப்பட்ட பெரிய திட்டத்தைவிட முழுமையாக நடத்தப்படும் சிறிய திட்டமே குடும்பங்களுக்கு அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

லத்தீனோ குடும்பங்கள் எல்லாம் ஒரே வகையினர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சான் அன்டோனியோவில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் இளம் பெற்றோர் தமக்குள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வதுண்டு. ஹியூஸ்டனுக்கு அண்மையில் வந்து சேர்ந்த ஹோண்டுராஸ் குடும்பத்துக்கு ஸ்பானிய மொழி மட்டுமே தெரிந்திருக்கலாம். சலீனாஸ் பள்ளத்தாக்கின் லெட்டூஸ் வயல்களிலும் ஆக்ஸ்னார்டின் ஸ்ட்ராபெரி வயல்களிலும் வேலை செய்யும் மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதிக் குடும்பங்கள் பலவற்றின் தாய்மொழி மிஷ்டெக். ஓக்லாந்தில் வாழும் குவாத்தமாலாக் குடும்பங்கள் பலவற்றின் தாய்மொழி மாம். இவர்களுக்கு ஸ்பானிய மொழியே இரண்டாவது மொழி. சிலருக்கு அதை வாசிக்கவும் வராது. ஸ்பானிய மொழியில் பாடநூல் இருக்கிறது என்பதாலேயே ஒரு திட்டம் இவர்கள் எல்லோருக்கும் பொருந்திவிடும் என்று நினைப்பது, தொடங்கும்போதே ஒரு பகுதியினரை வெளியே நிறுத்துவதற்குச் சமம்.

குழு வகுப்புகளில் மூத்தது அவான்சே. குளோரியா ரொட்ரிகெஸ் என்ற ஆசிரியை 1973இல் சான் அன்டோனியோவில் இதைத் தொடங்கினார். பள்ளிக்கு வரும்போதே பின்தங்கியிருக்கும் பிள்ளைகளை முதல் வகுப்பில் பார்த்த அவர், வேலையைப் பள்ளியில் அல்லாமல் வீட்டில், அதுவும் குழந்தை பேசத் தொடங்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பெற்றோர் ஒன்பது மாதங்கள், வாரத்துக்கு ஒரு நாள், ஏறத்தாழ மூன்று மணி நேரம் கூடுகிறார்கள். ஒரு பகுதி நேரத்தில் துணி, அட்டை போன்ற மலிவான பொருள்களைக் கொண்டு விளையாட்டுச் சாமான்கள் செய்கிறார்கள். ஒரு பகுதியில் குழந்தை வளர்ச்சி பற்றிய பாடம் நடக்கிறது. மற்றொரு பகுதியில் மருத்துவமனை, நூலகம், சட்ட உதவி போன்ற உள்ளூர் வசதிகளைப் பற்றி அத்துறையினரே வந்து பேசுகிறார்கள். அந்த மூன்று மணி நேரமும் குழந்தைகளைப் பக்கத்து அறையில் பயிற்சி பெற்றவர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். பயிற்றுநர் வீட்டுக்கும் வந்து பார்க்கிறார். ஆண்டு முடிவில் தொப்பியும் அங்கியும் அணிந்து பட்டமளிப்பு விழா நடக்கிறது. உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்க முடியாமல் போன தாய்மாருக்கு அந்த விழா எத்தகைய மதிப்பைத் தருகிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதில் குறைத்து எடைபோட்டுவிடுகிறார்கள்.

விளையாட்டுச் சாமான் செய்வது நேரத்தைப் போக்கும் வேலை போலத் தோன்றலாம். ஆனால் திட்டத்தின் உயிர்நாடி அதுதான். கைகள் வேலையில் இருக்கும்போது பேச்சு தானாகப் பிறக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒருவருக்கொருவர் கணவரின் வேலை, வாடகை, குழந்தையின் காய்ச்சல் என்று பேசத் தொடங்குகிறார்கள். சொந்த ஊரில் தாயும் அத்தையும் அண்டை வீட்டாரும் தந்த துணையை இழந்து வந்த ஒரு பெண்ணுக்கு, பாடத்தைவிட அந்த மேசையே பெரிய உதவியாக அமைந்துவிடுகிறது. 1980களின் பிற்பகுதியில் கார்னெகி நிறுவன நிதியுதவியுடன் நடந்த மதிப்பீட்டில், திட்டத்தில் சேர்ந்த தாய்மார் வீட்டில் குழந்தைக்கு மேலும் தூண்டுதலான சூழலை அமைத்ததும், ஆங்கில வகுப்புகளிலும் உயர்நிலைப் பள்ளிச் சமநிலைத் தேர்வுக்கான வகுப்புகளிலும் அதிகமாகச் சேர்ந்ததும் தெரியவந்தன. அவான்சேயின் சிக்கல் அதன் கனம்தான். வகுப்பறை, குழந்தைகளுக்கான அறை, அங்கே போதிய பணியாளர்கள், போக்குவரத்து, உணவு, வீட்டு வருகை என்று எல்லாம் ஒன்பது மாதங்கள் தடையின்றி நடக்க வேண்டும். ஓராண்டு நிதியை மட்டும் கையில் வைத்திருக்கும் நிறுவனம் இதில் இறங்கக் கூடாது.

அப்ரியெண்டோ புவர்த்தாஸ் இதற்கு எதிர்முனையில் நிற்கிறது. 2007இல் லாஸ் ஏஞ்சலஸில் சாண்ட்ரா குத்தியேரெஸ் முன்னின்று உருவாக்கிய இந்தத் திட்டத்தில் மொத்தம் பத்து அமர்வுகள். பிறப்பு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோருக்காக, லத்தீனோ பெற்றோரையும் வைத்துக்கொண்டே இதன் பாடத்திட்டம் எழுதப்பட்டது. வேறொரு சமூகத்துக்காக எழுதியதை ஸ்பானியத்துக்கு மாற்றிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அமர்வும் அவர்களிடம் வழங்கும் பழமொழிகளையும் லொத்தேரியா என்ற படச்சீட்டு விளையாட்டையும் தழுவி நடக்கிறது. முதல் ஆசிரியர் பெற்றோரே என்பதில் தொடங்கி, மொழி வளர்ச்சி, எண்ணறிவு, உடல்நலம், குழந்தையின் உணர்வுகள், நல்ல பாலர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது, தம் உரிமைக்காகப் பேசுவது என்று பாடங்கள் விரிகின்றன. பயிற்றுநர்களுக்குச் சில நாள் பயிற்சி தந்து அவரவர் ஊருக்கு அனுப்பிவிடும் முறை என்பதால், ஏழைக் குழந்தைகளுக்கான மத்திய அரசின் பாலர் பள்ளித் திட்டமான ஹெட் ஸ்டார்ட்டின் மையமோ தொடக்கப் பள்ளியோ ஏற்கெனவே நடத்துபவர்கள் புதுக் கட்டடமோ பெரிய பணியாளர் குழுவோ இல்லாமல் இதைத் தொடங்கிவிடலாம்.

இதன் ஆதாரமும் பொருட்படுத்தத் தக்கது. சைல்டு டிரெண்ட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸில் 922 பெற்றோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2014இல் வெளிவந்தன. வகுப்புக்கு வந்த பெற்றோர் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் முறையிலும், வீட்டில் கற்றலுக்கு இடம் கொடுப்பதிலும், நூலகத்தைப் பயன்படுத்துவதிலும் முன்னேறியிருந்தார்கள். ஆனால் இவை பெற்றோர் தாமே சொன்ன விடைகளைக் கொண்டு அறிந்தவை. குழந்தைகளின் சொல்வளத்தையோ பள்ளித் திறனையோ நேரில் அளந்து பெற்றவை அல்ல. பத்து அமர்வுகளால் பெற்றோரின் பழக்கத்தில் ஒரு தொடக்கத்தை உண்டாக்க முடியும். பேச்சு தாமதமாகும் குழந்தைக்கோ மனச்சோர்வில் இருக்கும் தாய்க்கோ அது போதாது. அப்படிப்பட்டவர்களை அடையாளம் கண்டு அடுத்த இடத்துக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு இல்லாமல் இந்த வகுப்பை மட்டும் நடத்துவது பொறுப்பான செயல் ஆகாது.

இந்த வகுப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டு மொழியைப் பற்றி அவை தரும் தெளிவு. பள்ளியில் பின்தங்கிவிடுமோ என்ற அச்சத்தில், தமக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் குழந்தையோடு பேச முயலும் பெற்றோர் பலர். தாம் வளமாகப் பேசும் மொழியில் கதை சொல்வதும் பாடுவதும் கேள்வி கேட்பதும்தான் குழந்தையின் மொழித்திறனை வளர்க்கும், அந்தத் திறன் ஆங்கிலத்துக்கும் அடித்தளமாகும் என்பதை, தம்மைப் போன்ற ஒருவர் தம் மொழியிலேயே சொல்லிக் கேட்கும்போது அவர்களுக்கு வரும் நிம்மதி பெரிது. டல்லாஸிலும் சான் ஹோசேயிலும் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இந்தக் கவலை புதிதன்று.

வகுப்புக்கு வர முடியாதவர்களை வகுப்பால் எட்ட முடியாது. இரவுப் பணி, கார் இல்லாமை, ஒரு கைக்குழந்தையோடு இன்னொன்றைச் சுமந்திருக்கும் நிலை, வெளியே போவதைப் பற்றிய அச்சம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும், பத்து அமர்வில் எட்டைத் தவறவிட. வீட்டு வருகைத் திட்டங்கள் இவர்களுக்காகவே இருக்கின்றன. அவற்றுள் ஹிப்பி (HIPPY) என்ற திட்டம் 1969இல் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் அவிமா லோம்பார்டு உருவாக்கியது. 1980களில் அமெரிக்காவுக்கு வந்தது. முப்பது வாரங்கள், வாரம் ஒரு முறை, பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்த, முன்பு இதே திட்டத்தில் பெற்றோராக இருந்த ஒருவர் வீட்டுக்கு வருகிறார். அவர் குழந்தைக்கு நேராகப் பாடம் சொல்வதில்லை. தாயும் அவருமாக, ஒருவர் குழந்தையாகவும் மற்றவர் தாயாகவும் நடித்துப் பாடத்தைப் பழகுகிறார்கள். பிறகு வார நாள்களில் தாய் தினமும் கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகக் குழந்தையோடு உட்காருகிறார். கதைப் புத்தகங்களும் பயிற்சித் தாள்களும் ஸ்பானிய மொழியிலும் கிடைக்கின்றன. மூன்று நான்கு வயதுக் குழந்தையைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்துவதுதான் குறிக்கோள் என்றால் இது பொருத்தமானது. எனினும் 1990களில் நியூயார்க்கில் நடந்த ஆய்வில் முதல் ஆண்டுக் குழந்தைகளிடம் கண்ட நன்மை அடுத்த ஆண்டுக் குழந்தைகளிடம் அப்படியே திரும்பக் காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மிசூரி மாநிலத்தில் 1981இல் முன்னோட்டமாகத் தொடங்கிய பேரண்ட்ஸ் ஆஸ் டீச்சர்ஸ் இன்னும் விரிந்தது. கருவுற்ற காலம் முதல் மழலையர் பள்ளி வரை குடும்பத்தோடு தொடர்கிறது. மாதம் ஒரு முறையோ, தேவை மிகுந்த குடும்பத்துக்கு இரு முறையோ வருகை. அதோடு குழந்தையின் வளர்ச்சி, பார்வை, செவித்திறன் ஆகியவற்றைச் சோதிப்பது, குழுக் கூட்டம், உள்ளூர்ச் சேவைகளோடு இணைப்பது ஆகியவையும் உண்டு. சலீனாஸ் பள்ளத்தாக்கில், பெரும்பாலும் லத்தீனோ குடும்பங்களிடையே நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. ஒட்டுமொத்தப் பலன் சிறியதே. ஆனால் ஸ்பானிய மொழி பேசும் தாய்மாரின் குழந்தைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பயனடைந்தார்கள். முடிவெடுப்பவருக்கு அந்தச் சராசரியைவிட இந்த வேறுபாடே முக்கியம். ஆங்கிலத்தில் கொட்டிக்கிடக்கும் தகவல் எட்டாத வீட்டில்தான் ஒரு மணி நேர வருகைக்கு மதிப்பு கூடுகிறது.

யார் வருகிறார் என்ற கேள்விக்கு எளிய விடை கிடையாது. அதே ஊர்க்காரர், அதே மொழி பேசுபவர் வந்தால் கதவு விரைவில் திறக்கும் என்பது அனுபவம் உள்ள எல்லோரும் சொல்வது. ஆனால் கருவுற்ற தாயின் வீட்டுக்குச் செவிலியரை அனுப்பும், டேவிட் ஓல்ட்ஸ் உருவாக்கிய நர்ஸ்-ஃபேமிலி பார்ட்னர்ஷிப் திட்டத்தை 1990களில் டென்வரில் சோதித்தபோது, அதில் மெக்சிகோ வம்சாவளித் தாய்மார் கணிசமாக இருந்தார்கள்; செவிலியர் சென்ற வீடுகளில் பலன் தெளிவாகத் தெரிந்தது, அதே பணிக்குப் பயிற்சி தந்து அனுப்பப்பட்ட செவிலியர் அல்லாத பணியாளர்கள் சென்ற வீடுகளில் அது குறைவாகவே இருந்தது. பின்னர் தொடர்ந்து கவனித்ததில் இரண்டாம் வகையினர் சென்ற வீடுகளிலும் சில நன்மைகள் தென்பட்டன. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: முதல் குழந்தையைச் சுமந்திருக்கும் ஏழைத் தாய்க்கு இரத்த அழுத்தம், தாய்ப்பால், கருத்தடை பற்றி நம்பி ஏற்கத் தக்கவராகச் செவிலியர் தெரிகிறார், கதைப் புத்தகத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்க அண்டை வீட்டுத் தாயே ஏற்றவர். இத்திட்டம் முதல் முறை தாயாகிறவர்களுக்காக உருவானது; வழக்கமாகக் கருவின் 28ஆம் வாரத்துக்குள் சேர வேண்டும்; குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை நீளும். இருமொழி அறிந்த செவிலியர் கிடைக்காத ஊரில் இதைத் தொடங்குவது வீண்.

நிதி எந்த வழியாக வருகிறது என்பதும் தேர்வை வளைத்துவிடுகிறது. 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்த மத்திய அரசின் வீட்டு வருகை நிதியில் மிகப் பெரும் பகுதியை, ஆதாரம் உள்ளவை என்று அரசு ஏற்ற வீட்டு வருகை மாதிரிகளுக்கே செலவிட வேண்டும். ஹிப்பி, பேரண்ட்ஸ் ஆஸ் டீச்சர்ஸ், நர்ஸ்-ஃபேமிலி பார்ட்னர்ஷிப் மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. குழு வகுப்புகள் வீட்டு வருகை அல்ல என்பதால் அந்த வாசல் அவற்றுக்கு மூடியிருக்கிறது. அவை பள்ளி மாவட்டம், அறக்கட்டளை, கலிஃபோர்னியாவில் 1998ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பால் வந்த புகையிலை வரியிலிருந்து இயங்கும் ஃபர்ஸ்ட் ஃபைவ் ஆணையங்கள் ஆகியவற்றை நம்பியிருக்கின்றன. நிதி இருக்கிறது என்பதற்காகத் தன் ஊருக்குப் பொருந்தாத மாதிரியை எடுக்கும் நிறுவனங்களைக் கண்டால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

சில பெற்றோர் கேட்பது வேறு: குழந்தை அடிக்கிறது, கடிக்கிறது, சொல் பேச்சு கேட்பதில்லை. இவர்களைப் பொது வகுப்பில் உட்கார வைப்பது பயன் தராது. பெற்றோர் குழந்தையோடு விளையாடும்போது, பயிற்சியாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பெற்றோரின் காதுக் கருவி வழியே சொல்லிக்கொடுக்கும் பெற்றோர்-குழந்தை ஊடாட்டச் சிகிச்சை, இரண்டு முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளுக்கு நன்கு சோதிக்கப்பட்டது. மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களுக்காக அதைச் சான் டியேகோவில் கிறிஸ்டன் மெக்கேப் தகவமைத்தார்; கானா என்பது அதன் பெயர். தொடக்கத்திலேயே குடும்பத்தின் எதிர்பார்ப்பைக் கேட்டறிவது, தந்தையையும் பாட்டியையும் சேர்த்துக்கொள்வது, சிகிச்சை என்ற பெயரைத் தவிர்த்துப் பயிற்சியாக அறிமுகப்படுத்துவது போன்றவை அந்தத் தகவமைப்பில் அடங்கும். வழக்கமாகத் தரப்படும் சிகிச்சையைவிடக் கானாவின் பலன் தெளிவாக உயர்ந்திருந்தது. ஆனால் தகவமைக்காத மூலச் சிகிச்சைக்கும் அதற்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதைக் கொண்டு பண்பாட்டுத் தகவமைப்பு தேவையில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆய்வு சிறியது. மூலச் சிகிச்சையும் இருமொழி அறிந்தவர்களால்தான் தரப்பட்டது. மொழியும் மரியாதையும் முன்பே கிடைத்த இடத்தில் மேலும் சில மாற்றங்கள் பெரிய வேறுபாட்டைத் தராமல் இருக்கலாம் என்ற அளவோடுதான் அந்த முடிவைக் கொள்ள வேண்டும்.

குறைந்த செலவில் துணையாக நிற்கக் கூடியவை இரண்டு. குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும்போது மருத்துவரே புத்தகம் தந்து வாசித்துக் காட்டச் சொல்லும் ரீச் அவுட் அண்ட் ரீட், 1989இல் பாஸ்டனில் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்த ரெடிஃபோர்கே, பாலர் பள்ளிக் குழந்தைகளின் பெற்றோருக்கு வாரம் மூன்று கைப்பேசிக் குறுஞ்செய்திகளை அனுப்புகிறது. ஸ்பானிய மொழியிலும் உண்டு. இவை நல்லவை, தனித்து ஒரு திட்டம் ஆகிவிடமாட்டா.

அச்சத்தைப் பற்றிப் பேசாமல் இன்று இந்த ஒப்பீட்டை எழுத முடியாது. அரசு உதவி பெறுவது குடியேற்ற விண்ணப்பத்தைப் பாதிக்கும் என்று விரிவாக்கப்பட்ட விதி 2020இல் நடைமுறைக்கு வந்து 2021இல் விலக்கப்பட்டது. விதி போன பிறகும் பயம் போகவில்லை. 2025 ஜூலையில், உரிய குடியேற்ற நிலை இல்லாதவர்களை ஹெட் ஸ்டார்ட்டிலிருந்து விலக்கும் அறிவிப்பு வந்தது. நீதிமன்றங்கள் அதற்கு இடைக்காலத் தடை விதித்தன. இத்தகைய காலத்தில் சேர்க்கைப் படிவத்தில் தேவையற்ற ஒரு கேள்வி இருந்தாலும் குடும்பம் திரும்பி வராது. அறிமுகமில்லாதவர் கதவைத் தட்டும் வீட்டு வருகையைவிட, பிள்ளை ஏற்கெனவே படிக்கும் பள்ளியிலோ ஞாயிறன்று செல்லும் தேவாலயத்தின் கூடத்திலோ நடக்கும் வகுப்பைச் சிலர் பாதுகாப்பாகக் கருதுகிறார்கள். வேறு சிலர் வெளியே நடமாடுவதையே தவிர்த்து, வீட்டுக்கு வரும் ஒரு நம்பிக்கையான முகத்தை விரும்புகிறார்கள். எது எங்கே என்பதை அந்த ஊர்த் தாய்மாரிடம் கேட்டுத்தான் அறிய முடியும். கேட்பதற்கு ஒரு மாதம் ஒதுக்கினால் அது வீணாகாது.

இத்தனையும் வைத்து என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், புதிதாகத் தொடங்கும் நிறுவனத்துக்கு அப்ரியெண்டோ புவர்த்தாஸையே முதலில் சொல்வேன். வகுப்பு நேரம் முழுவதும் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு, சிறிது உணவு, வேலை நேரத்துக்கு ஏற்ற மாலை அல்லது சனிக்கிழமை அமர்வு என்ற மூன்றையும் குறைக்காமல் நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. பணம் போதவில்லை என்றால் இரண்டு குழுக்களை ஒன்றாகக் குறைக்கலாம். குழந்தைகள் அறையை மூடக் கூடாது, ஏனெனில் அது மூடிய அன்றே மிகவும் தேவையுள்ள தாய் வருவதை நிறுத்திவிடுவார். மூன்றாண்டு நிதி உறுதியாக உள்ள, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மிகுந்த பகுதிக்கு அவான்சே முறை மேலானது. கிராமப்புறத்திலும், பெற்றோர் பருவத்துக்கு ஏற்ப வயல் மாறும் இடங்களிலும் பேரண்ட்ஸ் ஆஸ் டீச்சர்ஸ் பொருந்தும். அங்கே குடும்பம் இடம்பெயரும் மாதங்களை முன்கூட்டியே கணக்கில் எடுத்து வருகைகளை நெருக்கி அமைக்க வேண்டும். ஹிப்பியை, பாலர் பள்ளியில் இடம் கிடைக்காத நான்கு வயதுக் குழந்தைகள் காத்திருக்கும் ஊருக்கு ஒதுக்குவேன்.

மிஷ்டெக், மாம் பேசும் குடும்பங்களுக்கு மேற்கண்ட எதுவும் உள்ளபடியே போதாது. எழுத்தை நம்பாத, படமும் பேச்சும் செய்கையுமாக நடக்கும் அமர்வுகள் வேண்டும்; அந்த மொழி பேசும் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளர் கூலி கொடுத்து ஓரமாக நிறுத்தாமல், பயிற்றுநருக்குரிய ஊதியமும் பயிற்சியும் தந்து அவரையே வகுப்பை நடத்த வைக்க வேண்டும். இதற்கான தொகையை வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வரைவிலேயே எழுதிவிட வேண்டும், ஏனெனில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்பட்ட இடங்களில் அந்தக் குடும்பங்கள் வராததையே விருப்பமின்மையாகக் கணக்கு எழுதிவிடுகிறார்கள்.